மட்டிப் பிள்ளை சுமந்த மீன்கள்

அந்தத் திங்கட்கிழமை ரூமில் இருந்தவர்கள்:

வைதேகி மேடம். லென்ஸுக்கு முன்னால், ஸ்டூலில்.

காம்ப்ளே. கதவுப் பக்கம். கையில் வடிகட்டும் துணி.

தாவீது. அவனும் காம்ப்ளேயும் என்னோடு வேலை பார்ப்பவர்கள். அன்று அவனுக்கு லீவு. இருந்தும் வந்திருந்தான்.

ஷெட்டி. கேண்டீன்காரர். கையில் அளவு டேப்.

என் மனைவி புஷ்பம். வெளியாட்களுக்கு அங்கே அனுமதி கிடையாது. இருந்தாள். மடியில் ஒரு சிவப்பு பக்கெட்.

நான்.

ஜிலேபி மீன் மூன்று. நான்கு இருந்திருக்க வேண்டும்.

என் பெயர் ஞானமுத்து. தாராவி. படிப்பு ஆறாம் வகுப்பு வரை. செம்பூரைத் தாண்டி டிராம்பே போகிற வழியில் இருந்த ஒரு மீன் ஆராய்ச்சி ஆபீசில் தொட்டி வேலை பார்த்தேன். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். எழுத ஒன்றுமில்லை என்றேன். பிறகு ரோஸி போன் செய்தாள். நான் பார்த்த வேலையை இப்போது அவள் பார்க்கிறாள்.

"அங்கிள், இப்ப மட்டிக்கு மீனே வேண்டாம் அங்கிள். கண்ணாடித் தட்டுல மருந்துத் தண்ணி ஊத்தி அதுலயே குஞ்ச வளத்துடுதாங்க."

"அப்ப வெள்ளிக்கிழமை பங்கு?"

"கண்ணாடித் தட்ட எப்படி அங்கிள் கொழம்பு வைக்க?"

"அதுவும் சரிதான்."

"நாலு மீன் கதைன்னு எல்லாரும் சிரிக்காங்க. ஆளுக்கு ஒரு மாதிரி சொல்லுதாங்க. நீங்க எழுதுங்களேன்."

எழுதுகிறேன்.

வேலையில் சேர்ந்த கதை சிறியது. தொட்டி கழுவ ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். கழுவினேன். மற்றதெல்லாம் கழுவக் கழுவ வந்தது.

வைதேகி மேடம் மாட்டுங்காவில் இருந்து வருவார். நானாவது மீனைத் தின்கிறவன். மேடம் வாழ்நாளில் மீன் தின்றதில்லை. ஆனால் ஒரு மீனைக் கையில் எடுத்தால், செவுளை நகத்தால் தூக்கி, உள்ளே எத்தனை வரிசை, எது எங்கே ஒட்டியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். கத்த மாட்டார். திட்ட மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைப்பார். துடைத்துவிட்டு, "நல்லது" என்பார். அந்த "நல்லது" கேட்டால் காம்ப்ளே டீ குடிக்கப் போய்விடுவான். எல்லோரையும் வாங்க போங்க என்றுதான் பேசுவார். தொட்டிக்கும் அதே மரியாதைதான். காலையில் வந்ததும் தொட்டியைப் பார்த்து, "எப்படி இருக்கேள்?" என்று கேட்பார். கேட்டது மட்டிகளை.

மட்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். குளத்து மட்டி. உள்ளங்கை அளவு. கறுப்பு ஓடு. பாதி உடம்பைச் சேற்றில் புதைத்துக்கொண்டு வாழ்நாள் முழுக்கத் தண்ணீரைக் குடித்துத் துப்பிக்கொண்டிருக்கும். நடக்கும். ஆனால் நடந்தது என்று மறுநாள் சேற்றில் விழுந்த கோடு பார்த்துத்தான் தெரியும். இப்படிப்பட்ட ஒன்றுக்குப் பிள்ளைகள் தூரம் போக வேண்டும் என்று ஆசை. அதற்கு அது கண்டுபிடித்த வழி மீன்.

தாய் மட்டி குஞ்சுகளைத் தன் செவுளுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். பக்குவம் வந்ததும் வெளியே துப்பிவிடும். ஒவ்வொன்றும் தூசி அளவு. அந்தத் தூசிக்கும் இரண்டு ஓடு உண்டு, ஓட்டு நுனியில் பல் உண்டு. பக்கத்தில் மீன் வந்தால் டப்பென்று கடித்துக்கொள்ளும், செவுளிலோ துடுப்பிலோ. மீனின் தோல் அதன் மேல் மூடி வளரும். உள்ளே இருந்தபடி இரண்டு மூன்று வாரம் ஊர் சுற்றும். பிறகு தோலைக் கிழித்துக்கொண்டு விழும். விழுந்த இடம்தான் அதன் ஊர். மீனுக்கு இதில் லாபமும் இல்லை, பெரிய நஷ்டமும் இல்லை. தெரியவும் தெரியாது. கடிக்க மீன் கிடைக்காத குஞ்சு இரண்டொரு நாளில் செத்துவிடும்.

சிக்கல் என்னவென்றால், எல்லா மீனும் ஒத்துக்கொள்ளாது. எங்கள் மட்டிக்கு எந்த மீன் என்று யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிப்பதுதான் மேடத்தின் வேலை. வருஷக்கணக்காக அதே வேலை. நாங்கள் அதை மாப்பிள்ளை பார்ப்பது என்போம்.

முதலில் ரோகு மீன். நல்ல குடும்பம், பெரிய உடம்பு. இரண்டாம் நாளே எல்லாக் குஞ்சையும் உதறிவிட்டது. கெண்டை. அதுவும் உதறியது. தேளி மீன் வழவழவென்றிருந்தது, பல் பிடிக்கவில்லை. விரால் வந்தது. அது குஞ்சைச் சுமக்கவில்லை, கூடப் போட்ட சின்ன மீன்களைத் தின்றுவிட்டு மேடத்தையே முறைத்துப் பார்த்தது.

ஒவ்வொரு தடவையும் முறை ஒன்றுதான். தாய் மட்டியின் ஓட்டை மரக்குச்சியால் நூலிழை திறந்து, செவுள் வீங்கியிருக்கிறதா என்று மேடம் பார்ப்பார். வீங்கியிருந்தால் தனித் தட்டில் வைத்து, தண்ணீரைக் கொஞ்சம் வெதுவெதுப்பாக மாற்றுவேன். வெள்ளை நூல் நூலாகத் துப்பும். அந்தத் தண்ணீரை மீன் இருக்கிற சின்னத் தொட்டியில் ஊற்றி, காற்றுக் குழாயை வேகமாக வைத்தால் குஞ்சுகள் சுழலும். சிறிது நேரத்தில் மீனை எடுத்து மேடம் செவுளைப் பார்ப்பார். பிடித்திருந்தால் மீனின் வால் நுனியில் ஒரு சின்ன வெட்டு. அதுதான் அடையாளம். பிறகு அந்த மீன் மணல் இல்லாத தொட்டிக்குப் போகும். தினமும் காலையில் தொட்டியின் அடியைக் குழாய் வைத்து உறிஞ்சி, துணியில் வடித்து, மீனை விட்டு இறங்கிய குஞ்சு இருக்கிறதா என்று லென்ஸில் பார்க்க வேண்டும். துணி தாராவியில் கிடைக்கும். பனியனில் படம் அச்சடிக்கிறவர்கள் சட்டத்தில் இழுத்துக் கட்டுகிற துணி. அதைவிடச் சின்னக் கண் உள்ள துணி மேடத்துக்கு எங்கேயும் அகப்படவில்லை.

மேடம் லென்ஸில் பார்ப்பார். நான் பக்கத்தில் நிற்பேன். எண்ணிக்கையைச் சொல்வார்.

"ஜீரோ."

நான் திருப்பிச் சொல்ல வேண்டும். "ஜீரோ, மேடம்."

பேனாவை மூடிவிட்டுத் தயிர்சாதம் சாப்பிடப் போவார். இப்படியே போனது வருஷம்.

கடைசியில் ஜிலேபி மீன். இது இந்த நாட்டு மீனே இல்லையாம், எங்கோ வெளிநாட்டில் இருந்து வந்து குளத்துக்குக் குளம் குடியேறியது. மேடத்துக்கு விருப்பமில்லை. வேறு வழியில்லாமல் நாலு மீனில் ஏற்றிப் பார்த்தோம். ஒரு வாரம் போனது. உதறவில்லை. இரண்டு வாரம். உதறவில்லை.

காம்ப்ளே தாராவியில் பிறந்து மான்குர்த்தில் குடியிருப்பவன். தமிழ் நன்றாகப் பேசுவான், அவன் வழியில். தொட்டியைப் பார்த்துச் சொன்னான்: "பாரு அண்ணா, மட்டி எங்க மராட்டி. பிள்ளைய தூக்கி அலையிறது மட்டும் வெளியூர்க்காரன்."

"வெளியூர்க்காரன் இல்லன்னா ஒங்க பிள்ளைக்கு ஊரே கெடையாது ஓய்" என்றான் தாவீது.

மேடம் சிரித்தார். அந்த ரூமில் நான் பார்த்த முதல் சிரிப்பு.

சிரிப்புக்கு நடுவில் ஒரு கஷ்டம் இருந்தது. மட்டி ரூமில் ஒன்றும் விளையவில்லை, அதை மூடிக் கேண்டீனுக்குக் கொடுக்கலாம் என்று மேலே பேச்சு. செவ்வாய்க்கிழமை கமிட்டி வருகிறது. வந்து பார்க்கும்போது உயிரோடு ஒரு மட்டிக் குஞ்சாவது காட்ட வேண்டும். இல்லையென்றால் ரூம் போகும், தொட்டி போகும், தாய் மட்டிகள் எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அவை வந்த குளத்தின் மேல் இப்போது ரோடு. அந்தக் குளத்து மட்டி என்று மிச்சம் இருந்தது எங்கள் தொட்டியில் மட்டும்தான். அந்த வருஷத்துக்கு அவை துப்ப வேண்டியதைத் துப்பியும் விட்டன. எல்லாம் அந்த நாலு மீன் மேல்தான் இருந்தது.

ஷெட்டி நல்ல மனுஷன். ஆனால் அந்த வாரம் தினமும் டேப்போடு வந்தார்.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இந்த மூலையில தோசைக் கல்லு. இங்க கை கழுவுற இடம். தண்ணி லைன் ஏற்கெனவே இருக்கு பாருங்க."

மேடம் கண்ணாடியைத் துடைத்தார். "நல்லது."

இப்போது நீல டிரம். ஆராய்ச்சி முடிந்த மீனைக் குளத்தில் திரும்ப விடக்கூடாது, அது விதி. குப்பையில் போட்டால் நாறும், பக்கத்து ஆபீஸ் சண்டைக்கு வரும். அதனால் மருந்து படாத மீனை வராந்தாவில் உள்ள நீல டிரம்மில் விடுவோம். வெள்ளிக்கிழமை மத்தியானம் பங்கு. யார் விட்டது, எந்தத் தொட்டி என்று யாரும் கேட்பதில்லை. நீல டிரம்மில் இருந்தால் தின்கிற மீன். எனக்கு முந்தி இருந்தவர்கள் காலத்துப் பழக்கம். ஒரு தடவையும் தப்பு நடந்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை நான் ஐரோலி போயிருந்தேன். அங்கே ஆபீசுக்கு ஒரு சின்னக் குளம் உண்டு. மட்டிக்குச் சாப்பாடு பச்சைத் தண்ணீர், அதைக் கேனில் பிடித்து வர வேண்டும். மேடம் கமிட்டி வேலையாக வெளியே. அந்த நேரத்தில் நாலு மீன் இருந்த தொட்டியின் குழாய் விட்டுப்போனது. பம்ப் ரிப்பேருக்குப் புதிதாக ஒரு காண்டிராக்ட் ஆள் வந்தார். தொட்டியைக் காலி செய்ய வேண்டும். மீனை எங்கே விடுவது? வராந்தாவில் ஒரு டிரம், நல்ல தண்ணீர், காற்றுக் குழாய் வேறு. பத்திரமாக அதில் விட்டார். குழாயை மாட்டினார். தொட்டியை நிரப்பினார். அடுத்த இடத்தில் இருந்து போன் வந்தது, போய்விட்டார்.

அவர் மேல் குற்றமில்லை. அந்த டிரம்மின் அர்த்தம் அவருக்கு யார் சொன்னது?

தாவீது பங்கு பிரித்தான். ஆள் நாலு: அவன், காம்ப்ளே, ஷெட்டி, நான். மீனும் நாலு. ரொம்ப சுலபமான பங்கு என்று பிறகு சொன்னான். நான் இல்லாததால் என் பங்கை என் வீட்டிலேயே கொண்டு கொடுத்தான். அவ்வளவு நல்லவன்.

நான் கேனை ஆபீஸ் வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு நேரே வீட்டுக்குப் போனேன். மழை. புஷ்பம் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து அரிவாள்மனையை நீட்டியிருந்தாள். தேங்காய் அரைத்து வைத்திருந்தாள். எவர்சில்வர் பானையில் மீன் தலையை வெளியே நீட்டியது.

"தாவீது தம்பி ஒங்க பங்குன்னு குடுத்துட்டுப் போனாவ. உயிர் மீனு. நல்ல சதை. பாருங்க."

பார்த்தேன். வால் நுனியில் வெட்டு.

"புஷ்பம், அரிவாமனைய மடக்கு."

"ஏன்?"

"அது ஆபீஸ் மீனு."

"ஆபீஸ் மீனுதான் எல்லாம். வெள்ளிக்கெழம தோறும் எங்க இருந்து வருதாம், வானத்துல இருந்தா?"

"இதுல பிள்ளை இருக்கு."

அவள் மீனின் வயிற்றைப் பார்த்தாள். "ஆம்பள மீனுல்லா இது?"

"மீன் பிள்ளை இல்ல. மட்டிப் பிள்ளை."

புஷ்பம் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு அரிவாள்மனையை மடக்கினாள். என்னைப் பார்த்துத்தான் மடக்கினாள், மீனைப் பார்த்து அல்ல. பதினைந்து வார்த்தைக்கு மேல் நான் பேசினால் காய்ச்சல் என்று நினைப்பாள்.

மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததைச் சொன்னேன். அந்தப் பக்கம் சேலைத் தலைப்பு சரசரத்தது. கண்ணாடி துடைக்கிறார் என்று தெரிந்தது.

"நல்லது" என்றார். பிறகு, "மூணு மீன் எங்கே?"

"தேடுதேன் மேடம்."

"உசிரோட கொண்டு வாங்கோ. அதுகள் இறங்கற நேரம் இது. இன்னிக்கோ நாளைக்கோ. நான் இப்பவே ஆபீஸ் போறேன்."

புஷ்பம் பானைக்குத் துணி கட்டினாள். "நானும் வாரேன். நீங்க போயி என்ன பேசிருவிய?"

தாவீதுக்குப் போன் செய்தேன். எடுத்ததும் குசுகுசுவென்று பேசினான்.

"அண்ணே, இப்ப முடியாது. செம்பூர்ல இருக்கேன். மக விஷயமா. மாப்பிள்ளை வீடு."

"ஒன் பங்கு மீன் எங்கடே?"

"இங்கதான். வெறுங்கையோட எப்படி வர? சம்பந்திக்குன்னு கொண்டாந்தேன்."

"அதத் திருப்பி வாங்கு."

"அண்ணே, நான் பொண்ணப் பெத்தவன்."

மாப்பிள்ளை வீட்டார் செம்பூரில் மளிகைக்கடை வைத்திருக்கிற திருநெல்வேலிக்காரர்கள். கடைக்கு மேலே வீடு. நானும் புஷ்பமும் பானையோடு ஏறினோம். தாவீது நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். கையில் காப்பி. முகம் பேதி கண்டவன் மாதிரி. கடைக்காரம்மா, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, எங்களைப் பார்த்தார். பானையைப் பார்த்தார்.

"வாங்க. இன்னொரு மீனா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் புஷ்பம் முந்தானையைச் சொருகிக்கொண்டாள்.

"மதினி, தப்பா நெனைக்கப்பிடாது. தாவீது தம்பி கொண்டாந்த மீனத் திருப்பித் தரணும்."

மாப்பிள்ளைப் பையன் மொபைலை இறக்கினான்.

"குடுத்ததத் திருப்பிக் கேக்குற சம்பந்தம் நான் இதுவரைக்கும் பாக்கல" என்றார் கடைக்காரம்மா.

தாவீது காப்பியைக் கீழே வைத்தான்.

"மீன் நல்லாத்தான் இருக்கு மதினி. ஆனா அது சொமந்துக்கிட்டு இருக்கு. சொமக்குறத வெட்டலாமா? நீங்களே சொல்லுங்க."

"சினையா?"

"அதோட பிள்ளை இல்ல. அடுத்தவ பிள்ளை. மட்டி பெத்துப் போட்டுது. இது தூக்கிக்கிட்டு அலையுது."

"மட்டி பிள்ளைய மீனு எதுக்குத் தூக்கணும்?"

"மட்டிக்குக் கால் இல்லல்லா."

கடைக்காரம்மா யோசித்தார். "கூலி?"

"ஒண்ணும் கெடையாது."

"கிறுக்கு மீனு." எழுந்தார். உள்ளே போனார். அகலமான பிளாஸ்டிக் டப்பில் மீனைக் கொண்டு வந்தார். குனிந்து அதன் முகத்தைப் பார்த்தார். "அடுத்தவ பிள்ளைய சொமக்குற குடும்பத்துல இருந்து பொண்ணு எடுக்கலாம். ஆனா தாவீது, நாளைக்கு எங்களுக்கு நல்ல சீலா மீனா வரணும். நடுத்துண்டு."

"முழு மீனாவே வரும் மதினி" என்றான் தாவீது. அப்போதுதான் அவனுக்கு மூச்சு வந்தது.

டப்பில் தண்ணீர் மாற்றினீர்களா என்று கேட்டேன். இரண்டு தடவை மாற்றிச் சாக்கடையில் கொட்டியாயிற்று, மீன் வாடை என்றார்கள். அதைப் பற்றி அப்போது நான் பெரிதாக நினைக்கவில்லை.

அங்கிருந்து ரயில் ஏறி மான்குர்த். மூன்று பேர், ஒரு பானை, ஒரு டப்பு. சாமான் பெட்டியில் ஏறினோம். ஒரு மீன்காரப் பெண் எட்டிப் பார்த்து, விலை என்ன என்று கேட்டாள். விற்பனைக்கு இல்லை என்றேன். இரண்டு மீனுக்கு மூன்று பேரா என்றாள்.

காம்ப்ளேயின் மீன் செத்திருக்கும் என்றுதான் நினைத்தேன். அவன் வீட்டில் மீன் வாசனையே இல்லை.

"ஸ்ராவண் விரத மாசம் அண்ணா. நான் எப்படித் திங்கிறது? வீட்டுக்காரி வாசல்லயே நிறுத்திட்டா."

"அப்ப எதுக்குப் பங்கு வாங்கின?"

"பங்கு விடலாமா? உரிமை போயிடும்."

மாசம் முடிகிற வரை வளர்க்கலாம் என்று வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மில் விட்டிருந்தான். கொசுப் புழுவைத் தின்பதற்கென்று முனிசிபாலிட்டிக்காரர்கள் அதில் சின்ன மீன்கள் விட்டிருந்தார்கள். எங்கள் மீன் அதில் ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. வயிறு நிறைந்து சாதுவாக நின்றது. சப்பாத்தித் துண்டு வேறு மிதந்தது. டிரம் தண்ணீர் முழுவதையும் துணியில் வடித்தோம். தெரு ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். தங்கம் விழுந்துவிட்டதா என்று கேட்டார்கள். ஆமாம் என்றான் காம்ப்ளே.

நாலாவது மீன் ஷெட்டியுடையது. நாங்கள் ஆபீசுக்குத் திரும்பும்போது மேடம் கேண்டீன் வாசலில் நின்றார். ஷெட்டி தலையைக் குனிந்து நின்றார்.

"செவுளையும் சாப்பிட்டேளா?" என்று மேடம் கேட்டார்.

"ஐயோ, செவுள யாரு மேடம் சாப்பிடுவா? அத வெட்டிப் போட்டுட்டுதான் மசாலா தடவினேன்."

"எங்கே போட்டேள்?"

அவர் குப்பை டப்பாவைக் காட்டினார். மேடம் சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு அதில் கையை விட்டார். வாழ்நாளில் மீன் தின்றதில்லை என்று சொன்னேன் அல்லவா. வெங்காயத் தோல், முட்டை ஓடு, எல்லாம் வந்தது. செவுள் வரவில்லை. சுவர் மேல் ஒரு பூனை உட்கார்ந்து வாயைத் துடைத்துக்கொண்டிருந்தது. மேடம் பூனையைப் பார்த்தார். பூனை மேடத்தைப் பார்த்தது.

"நல்லது" என்றார். கை கழுவினார்.

மூன்று மீனையும் தொட்டியில் விட்டோம். சனிக்கிழமை உறிஞ்சினேன், வடித்தேன். மேடம் பார்த்தார்.

"ஜீரோ."

"ஜீரோ, மேடம்."

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகாமல் ஆபீஸ் போனேன். மேடமும் வந்திருந்தார். மான்குர்த் டிரம் துணியில் இருந்ததையும் பார்த்து முடித்திருந்தார். சப்பாத்தி. மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். அங்கே குஞ்சுகளை மூடியிருந்த தோல் கூடுகள் காலியாக இருந்தன.

"இறங்கியாச்சு" என்றார். "எல்லாம் இறங்கியாச்சு, ஞானமுத்து. இங்கே இறங்கலே. டிரம்முக்கும் டப்புக்கும் நடுவில எங்கேயோ." கண்ணாடியைக் கழற்றவில்லை. துடைக்கவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "உங்காத்துல அந்தப் பானையில மட்டும்தான் நின்னுதா?"

பானைத் தண்ணீரை அன்றே வடித்துப் பார்த்தாகிவிட்டது. ஆனாலும் வீட்டுக்குப் போய்க் கேட்டேன்.

"பானைக்கு முந்தியா?" என்றாள் புஷ்பம். "தம்பி கொண்டாந்ததும் செவப்பு பக்கெட்டுலல்லா விட்டேன். அடுப்புப் பக்கத்துல வச்சிருந்தேன். மீனு துள்ளி அடுப்பெல்லாம் தண்ணி. அதான் பானைக்கு மாத்துனேன்."

"அந்த பக்கெட்டுத் தண்ணி?"

"ஏன்?"

"கொட்டிட்டியா?"

அவள் முகம் மாறியது. முப்பது வருஷக் குடித்தனத்தில் இப்படி ஒரு பழி அவள் கேட்டதில்லை. "தண்ணியக் கொட்டுவாங்களா? என்ன பேச்சு பேசுதிய? கக்கூசுக்கு ஆவும்னு மூடி வச்சிருக்கேன். மழத் தண்ணி வந்ததுனால இன்னும் எடுக்கல."

எங்கள் சந்தில் குழாயில் தண்ணீர் வருவது காலையில் கொஞ்ச நேரம். அரிசி கழுவிய தண்ணீர் பாத்திரத்துக்கு, பாத்திரம் கழுவியது தரைக்கு, தரை கழுவியது கக்கூசுக்கு. கொட்டுவது என்ற சொல்லே கிடையாது.

டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் மணல் மாதிரி ஏதோ. மணலாகவும் இருக்கலாம். மூடினேன்.

திங்கட்கிழமை பக்கெட்டை நான் தூக்கினால் சிந்துவேன் என்று அவளே தூக்கினாள். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் லக்கேஜ் என்றார். பிள்ளை என்றாள். கேட்டில் வாட்ச்மேன் தடுத்தார். பக்கெட் என்னுது, அது போனா நானும் போவேன் என்றாள். இப்படித்தான் அவள் ரூமுக்குள் வந்தாள்.

இப்போது முதலில் சொன்ன இடத்துக்கு வந்துவிட்டோம்.

காம்ப்ளே துணியைப் பிடித்தான். நான் மெதுவாக ஊற்றினேன். தாவீது அடியில் இருந்ததை ஒரு டம்ளர் தண்ணீரில் அலசினான். துணியில் நின்றதைக் கண்ணாடித் தட்டில் கழுவி விட்டு, மேடத்தின் முன் வைத்தேன்.

ஷெட்டி எட்டிப் பார்த்தார். "மணல் மேடம்."

மேடம் லென்ஸைத் திருகினார். ஓடு இருந்தால் போதாது, உயிர் வேண்டும். உயிர் இருந்தால் ஓடு திறந்து, நாக்கு மாதிரி ஒரு கால் வெளியே வரும். தரையைத் தடவும். வந்தால் கணக்கு. வராவிட்டால் மணல்தான்.

மேடம் லென்ஸில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. புஷ்பம் காலி பக்கெட்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மேடத்தின் தோள் ஒரு தடவை ஆடியது.

"ஒண்ணு" என்றார்.

இத்தனை வருஷமும் இங்கிலீஷில் சொன்னவர். அன்று தமிழில் சொன்னார். நான் திருப்பிச் சொல்வதற்குள் புஷ்பம் சொன்னாள்: "ஒண்ணு."

"ரெண்டு. மூணு. இதோ, இவரும் நீட்டறார். நாலு."

எங்களையும் ஒவ்வொருவராகப் பார்க்கவிட்டார். நான் பார்த்தேன். தண்ணீர் நிறத்தில் ஒரு ஓடு. அதில் இருந்து ஒரு கால் வந்து, கண்ணாடியைத் தொட்டு, பிடிக்கவில்லை என்று உள்ளே போய், மறுபடி வந்தது.

"அடுப்புச் சூடு" என்றார் மேடம். "தண்ணி கொஞ்சம் சூடானதும் கடகடன்னு இறங்கியிருக்கு. நான் இங்கே ஏசி போட்டுக் காத்துண்டிருக்கேன்." அப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்லது" என்றார். அது வேறு "நல்லது".

பிறகு எல்லோரும் எண்ண ஆரம்பித்தார்கள். மேடம் தமிழில். காம்ப்ளே மராட்டியில். ஷெட்டி தோசை எண்ணுகிற மாதிரி துளுவில். தாவீதுக்கு எதிலும் வரவில்லை, இங்கிலீஷில் ஆரம்பித்து இந்தியில் நின்றான். ஆளுக்கு ஒரு கணக்கு. சண்டை வந்தது.

"முதல்லேர்ந்து" என்றார் மேடம். "நான் மட்டும். மத்தவா வாயை மூடிக்கோங்கோ."

ஷெட்டி டேப்பைச் சுருட்டிப் பைக்குள் போட்டார்.

செவ்வாய்க்கிழமை கமிட்டி வந்தது. லென்ஸில் பார்த்தார்கள். ரூம் பிழைத்தது. கேண்டீன் மாடிக்குப் போனது, தோசைக் கல்லும் போனது. அந்தக் குஞ்சுகள் வளர்ந்து அவற்றின் குஞ்சுகளைத்தான் ரோஸி இப்போது கண்ணாடித் தட்டில் பார்க்கிறாள். தாவீதின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது, பந்தியில் மீன் வைக்கவில்லை. மூன்று ஜிலேபி மீனும் நீல டிரம்முக்குப் போகாமல் ஐரோலிக் குளத்தில் கிழடாகிச் செத்தன. விதிக்கு விலக்கு, மேடத்தின் உத்தரவு. சிவப்பு பக்கெட்டை ஆபீசுக்கு வேண்டும் என்று மேடம் கேட்டார். புஷ்பம் கொடுக்கவில்லை. இன்னும் எங்கள் கக்கூசில்தான் இருக்கிறது.

ரோஸி கேட்டது, மொத்தம் எத்தனை என்று. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். மேடம் இரண்டாம் தடவை எண்ணி முடித்துச் சொன்னதையும், நான் திருப்பிச் சொன்னதையும் எழுதிவிடுகிறேன்.

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணு, மேடம்."